பொத்தானை அழுத்துவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகளை வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். பட்டியல் வாசித்தால் நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். அதனால் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறேன்: மின்சுற்று.

திருவிழாவில் கட்டும் சீரியல் செட்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பழைய செட்டில் ஒரு பல்பு போனால் சரம் முழுக்க அணைந்துவிடும். இதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளிடம் கேளுங்கள்: "ஒரு பேட்டரியோடு ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் எது பளிச்சென்று எரியும்?" பல பேர் "முதல்ல இருக்கிறதுதான் சார்" என்பார்கள். முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்பது அவர்கள் கணக்கு. ஓமின் விதியைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடமும் இந்த எண்ணம் இருக்கும்.

இதற்கு நல்ல கருவி ஒன்று உண்டு. அறிவியல் சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கும் இணையதளம். பெயர் ஃபெட். ஆங்கிலத்தில் பி, எச், ஈ, டி என்று நான்கு எழுத்து. தேடிப் பார்க்க வசதியாகச் சொல்கிறேன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதில் மின்சுற்றுக்கான செயலியைத் திறந்தால் பேட்டரி, பல்பு, கம்பி எல்லாம் இருக்கும், இழுத்து இணைக்கலாம். பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம். ஒரு பல்பு போட்டால், மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் 0.90 ஆம்பியர் காட்டும். தொடராக இரண்டு போட்டால் 0.45. அந்த 0.45-ஐ முதல் பல்புக்கு முன்னாலும், இரண்டுக்கும் நடுவிலும், கடைசியிலும் அளந்து பாருங்கள். மூன்று இடத்திலும் அதேதான். எதுவும் தின்னப்படவில்லை. இரண்டு பல்பும் ஒரே அளவில்தான் எரியும்.

ஆனால் இதை எடுத்த எடுப்பில் திரையில் காட்டிவிடாதீர்கள். இதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். காட்டுவதற்கு முன் பிள்ளைகளைச் சொல்ல வையுங்கள். விடை தெரிந்த பிறகு எல்லாருக்கும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்றே தோன்றும். முன்பே வாயைத் திறந்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட பிள்ளைக்குத்தான் 0.45-ஐப் பார்த்ததும் அதிர்ச்சி வரும், "ஏன்?" என்ற கேள்வியும் வரும்.

சொல்ல வைப்பதற்கு இரண்டாவது கருவி, பிளிக்கர்ஸ். பிள்ளைகள் கையில் செல்போன் தேவையில்லை. ஆசிரியரிடம் இணையத்தோடு ஒன்று இருந்தால் போதும். பிள்ளைக்கு ஓர் அட்டை. அதில் கியூஆர் குறியீடு மாதிரி கறுப்பு உருவம். நான்கு பக்கத்துக்கும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. நினைக்கும் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஒவ்வோர் அட்டையின் உருவமும் வேறு, அதனால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்ப முடியாது. போன் கேமராவை வகுப்பைச் சுற்றி ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று பதிவாகிவிடும்.

இதில் தவறும் இடங்கள் இருக்கின்றன. அட்டை கிழியக்கூடாது என்று பளபளப்பாக லேமினேட் செய்தால் ஜன்னல் வெளிச்சம் பட்டு கேமரா தடுமாறும். மங்கலான கெட்டித்தாளே போதும். பிள்ளைகள் விரலால் கறுப்புப் பகுதியை மறைத்தாலும் பதிவாகாது. ஓரத்தைப் பிடிக்கப் பழக்குங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், முதல் சுற்றில் எத்தனை பேர் எந்த விடை என்ற வரைபடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். காட்டினால் கூட்டம் எந்தப் பக்கமோ எல்லாரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். விடை பிரிந்து கிடந்தால், இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டு, மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் வளர்த்தெடுத்த முறை இது. ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லும் கேள்விக்கு இந்த வாதம் நன்றாக வேலை செய்யும். அதற்கும் கீழே என்றால் வாதாட ஆள் இல்லை. ஆசிரியர்தான் மறுபடி விளக்க வேண்டும்.

அதன் பிறகுதான் ஃபெட் செயலியில் விடையைக் காட்டப் பொத்தானை அழுத்த வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், அதன் பிறகுதான்.

செயலியில் ஒரு சிக்கல். திரையில் ஓடுவது எலக்ட்ரான்கள். எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குப் போகும். பாடப்புத்தகத்தின் அம்புக்குறி நேர் எதிர்த்திசையில் இருக்கும். பிள்ளைகள் குழம்புவார்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் திசையை, அதாவது மரபு மின்னோட்டத்தைக் காட்டும் தேர்வு அதே திரையில் இருக்கிறது. முதலில் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் பார்த்ததோடு விடாமல் நிஜ டார்ச் பல்பையும் செல்லையும் கொடுங்கள். இரண்டு நிஜ பல்புகள் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று கூடுதலாக எரிந்தால், "பார்த்தீங்களா, முதல் பல்புதான்!" என்று பழைய எண்ணம் திரும்ப வரும். பதற வேண்டாம். இரண்டு பல்புகளையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். வெளிச்சம் பல்போடு கூடவே போகும், இடத்தோடு நிற்காது. கம்பியை நேராகப் பேட்டரியின் இரு முனைக்கும் இணைத்துவிடுவதை மட்டும் செயலியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பேட்டரி தீப்பற்றுவது படமாகத் தெரியும். நிஜத்தில் கை சுடும்.

இணையம் வகுப்பு நேரத்தில் காலை வாரும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள். ஃபெட் செயலியை முந்தின நாளே பதிவிறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம். சாதாரண பிரவுசரிலேயே இணையம் இல்லாமல் திறக்கும். பல செயலிகளுக்குத் தமிழாக்கமும் உண்டு. பிளிக்கர்ஸ் நின்றுபோனால் கையை நெஞ்சருகே வைத்து விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று காட்டச் சொல்லிக் கரும்பலகையில் எண்ணிக்கையை எழுதுங்கள். வேலை நடந்துவிடும்.

வடிவியலுக்கு ஜியோஜீப்ராவைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. அதைவிட அவசியமான ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்த இலவசக் கருவியிலும் பிள்ளைகளின் முழுப்பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் போன் எண் எதையும் ஏற்றாதீர்கள். அட்டை எண்ணுக்கு எதிரே வருகைப் பதிவேட்டின் எண் போதும். எந்த எண் யார் என்பது உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகளே கணக்குத் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்று கேட்கும் கருவியாக இருந்தால், பெற்றோரின் சம்மதம் வாங்கும்வரை அதை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம். நன்றி, வணக்கம்.