மெஷின் காட்டின முகம் சாட்சி ஆகுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். சைதாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "சார், தீபாவளிக் கூட்டத்துல ரங்கநாதன் தெருவுல முகத்தை அடையாளம் காட்டுற கேமரா வச்சு போலீஸ் பிக்பாக்கெட்காரனைப் பிடிச்சா நல்லதுதானே? தப்பு பண்ணாதவன் ஏன் பயப்படணும்?" ரெண்டு நாளா இந்தக் கேள்வி மனசுலயே ஓடிக்கிட்டு இருக்கு.

கேமரா வேணும் தம்பி. காணாமப்போன குழந்தையைத் தேட அது பெரிய உதவி. ஆனா ஒரு கணக்குப் போடுங்க. அந்தத் தெருவுல ஒரு நாள்ல ஒரு லட்சம் பேர் நடக்குறாங்கன்னு வச்சுக்குவோம். மெஷின் ஆயிரத்துல ஒருத்தரைத்தான் தப்பாக் காட்டுதுன்னாலும் நூறு பேர். நூறு பேரும் தப்பு பண்ணாதவங்கதான். கைநிறைய பையோட மாம்பலம் ஸ்டேஷனுக்கு ஓடுறவங்க.

நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. மெஷின் 'இவன்தான்'னு காட்டினதும் எஸ்.ஐ. அடுத்து என்ன பண்றார்?

அடையாள அணிவகுப்பு பத்தி முன்னாடியே பேசியிருக்கேன், பழைய நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிடிபட்டவனை வேற சிலரோட வரிசையா நிறுத்தி, 'நீ பாத்தவன் யாரு'ன்னு சாட்சியைக் காட்டச் சொல்றது. நான் ஜூனியரா இருந்தப்போ கோர்ட் வாசல்ல வேன்லேருந்து ஒருத்தனை இறக்கினாங்க. தலை முழுக்கத் துண்டு, கீழே செருப்பில்லாத கால் மட்டும் தெரியுது. காத்துல துண்டு நழுவிச்சு, கான்ஸ்டபிள் பதறிப்போய் இழுத்து மூடினார். பாவம், மானத்துக்கு மூடுறாங்கன்னு நினைச்சேன். சீனியர் சொன்னார், "அந்தத் துண்டுலதான்டா கேஸே இருக்கு. சாட்சி இங்கயே முகத்தைப் பாத்துட்டா, நாளைக்கு ஜெயில்ல மாஜிஸ்திரேட் முன்னாடி திருடனைக் காட்ட மாட்டான், கோர்ட் வாசல்ல பாத்தவனைக் காட்டுவான்."

அமெரிக்காவுல டெட்ராய்ட்ல அந்தத் துண்டு நழுவிடுச்சு. 2018ல ஒரு கடையில வாட்ச் திருட்டு. மங்கலான சிசிடிவி படத்தை மெஷின்ல போட்டாங்க, ஒருத்தரோட பழைய லைசென்ஸ் போட்டோ வந்துச்சு. அதை வேற போட்டோக்களோட கலந்து, கடைக்குப் பாதுகாப்பு பாக்குற ஒரு அம்மாகிட்ட காட்டினாங்க. அவங்க திருட்டை நேர்ல பாக்கலை. அதே வீடியோவைத்தான் பாத்தவங்க! அவரையே காட்டினாங்க. 2020 ஜனவரியில பொண்டாட்டி, ரெண்டு சின்னப் பொண்ணுங்க கண்ணு முன்னாடி விலங்கு. சுமார் முப்பது மணி நேரம் லாக்கப். திருடினது அவரே இல்லை.

அவர் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு 2024ல சமரசமாச்சு. மெஷின் சொன்னதை மட்டும் வச்சுக் கைது பண்ணக்கூடாது, அதை மட்டும் வச்சு சாட்சிகிட்ட போட்டோ காட்டவும் கூடாதுன்னு அந்த ஊர் போலீஸே ஒத்துக்கிச்சு. அந்த ரெண்டாவது விஷயம்தான் நம்ம துண்டு.

நம்ம தமிழ்நாடு போலீஸ்கிட்ட 2021லேருந்தே இந்த சாஃப்ட்வேர் இருக்கு. 2024 மே மாசம் அந்தத் தளமே ஹேக் ஆச்சு. பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம், மூஞ்சி போனா? அது தனியா ஒரு நாள் பேசணும்.

மெஷின் குடுக்குறது துப்பு. துப்பை வச்சுத் தேடுங்க. கைரேகை, போன் டவர், அன்னிக்கு அவன் வேலைக்குப் போன கேட் ரிஜிஸ்டர், எதுவா இருந்தாலும் அந்தப் படத்துலேருந்து வராத ஒண்ணு வேணும். மெஷின் என்ன காட்டிச்சுன்னு கேஸ் டைரியில எழுதி, எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் குடுக்கணும்.

தம்பி, ராத்திரி ரோந்துல போலீஸ் உங்க முகத்தைப் போன்ல படம் எடுத்தா, "எந்த கேஸ்ல சார்?"னு மரியாதையாக் கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.