பாதி அங்கியிலிருந்து வந்த சொல்

அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவமனை, சிறை, ராணுவம் போன்ற இடங்களில் 'சாப்ளின்' என்று ஒரு சமயப் பணியாளர் இருப்பார். ஆலயத்துக்கு வருகிறவர்களுக்காகக் காத்திருப்பவர் அல்ல. எழுந்து வர முடியாதவர்களைத் தேடிப் போகிறவர். தமிழில் 'போதகர்' என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் நிறைவில்லை. அந்தச் சொல்லின் வேரில் இருப்பது போதனை அல்ல, ஒரு துணி.

நான்காம் நூற்றாண்டு. இன்று பிரான்சில் இருக்கும் ஆமியான் நகரத்து வாசல். ஆட்களைக் கொல்லும் குளிர். மார்ட்டின் என்ற ரோமானியப் படைவீரர் அந்த வழியாக வருகிறார். உடம்பில் துணியில்லாமல் ஒரு ஏழை நிற்கிறார். போகிற வருகிற யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மார்ட்டினிடமும் மிச்சம் ஒன்றுமில்லை, மற்றதையெல்லாம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. போர்த்தியிருந்த மேலங்கி மட்டும்தான். வாளை உருவி அதை நடுவில் வெட்டினார். ஒரு பாதி ஏழைக்கு. மறுபாதியைத் தானே சுற்றிக்கொண்டார். அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிலர் சிரித்தார்களாம். மார்ட்டினை நேரில் அறிந்த சுல்பீசியஸ் செவரஸ் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சிரிப்பையும் விடாமல் எழுதினார் பாருங்கள், அதனாலேயே இந்தக் கதை எனக்கு நெருக்கமாகிவிட்டது.

மார்ட்டின் பிறகு தூர் நகரத்தின் ஆயரானார். 397-இல் இறந்தார். அவருடைய அங்கி என்று போற்றப்பட்ட துணியை, பின்னாளில் அந்தப் பகுதியை ஆண்ட பிராங்கிய அரசர்கள் புனிதப் பொருளாக வைத்துக்கொண்டார்கள். அதன் மேல் சத்தியம் செய்தார்கள், போருக்கும் கொண்டு போனார்கள். லத்தீனில் 'கப்பா' என்றால் மேலங்கி, 'கப்பெல்லா' என்றால் சிறிய அங்கி. அதைக் காத்துவந்த குருக்கள் 'கப்பெல்லானி'. அங்கி இருந்த இடத்துக்கும் கப்பெல்லா என்றே பெயர் நின்றது; சிற்றாலயத்தைக் குறிக்கும் 'சாப்பல்' அதுதான். குருக்களின் பெயர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'சாப்ளின்' ஆனது. சார்லி சாப்ளினின் குடும்பப் பெயருக்கும் இதுவே மூலம்.

ஆக, சொல் அங்கியைக் காத்தவர்களுக்குக் கிடைத்த பெயர். வெட்டிக் கொடுத்தவரின் பெயர் அதில் இல்லை. ஆனால் அந்தப் பதவியில் இருப்பவர்கள் காலப்போக்கில் காவலை விட்டு, கொடுப்பதன் பக்கம் வந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். இன்று முஸ்லிம், இந்து, பௌத்த சாப்ளின்களும் உண்டு. 2021-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சாப்ளின்கள் கூடி, கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவரைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

சரி, ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1943 பிப்ரவரி 3. கிரீன்லாந்துக்கு அருகே 'டார்செஸ்டர்' என்ற அமெரிக்கத் துருப்புக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. கப்பலில் 900 பேர் போல இருந்தார்கள். உயிர்காக்கும் அங்கிகள் தீர்ந்துபோயின. நான்கு ராணுவச் சாப்ளின்கள் தாங்கள் அணிந்திருந்தவற்றைக் கழற்றிப் பிறருக்குக் கொடுத்தார்கள். இருவர் புராட்டஸ்டன்ட், ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் யூதர். இந்த முறை பாதியாக வெட்ட வழியில்லை, முழுசாகவே கொடுத்தார்கள். கப்பல் மூழ்கும்போது அந்த நால்வரும் மேல்தளத்தில் கைகோத்து நின்று பிரார்த்தனை செய்துகொண்டிருந்ததைப் பிழைத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.