இரண்டு வாக்கெடுப்புகள்

நேயர்களுக்கு வணக்கம். சொந்த மக்கள்மீதே குண்டு வீசும் ஓர் அரசை வல்லரசு ஒன்று ஏன் தாங்கிப் பிடிக்கிறது என்ற கேள்வி, இரவுச் செய்தி கேட்கும் எவருக்கும் எழுந்திருக்கும். சிரியாவின் அசாத் அரசை ரஷ்யா தாங்கி நின்றதை வைத்து அதை இன்று பார்க்கலாம்.

பலரும் முதலில் சுட்டுவது சிரியாவின் தார்தூஸ் துறைமுகத்தை. 1971 முதல் சோவியத் கடற்படைக்கும், பின்னர் ரஷ்யக் கடற்படைக்கும் அங்கே இடம் இருந்தது. ஆனால், 2011-இல் கலவரம் மூண்டபோது அங்கிருந்தவை சில மிதவை மேடைகளும் பழுதுபார்க்கும் வசதியும்தான். அதற்காக மட்டும் ஒரு நாடு இத்தனை பழியைச் சுமந்திருக்காது என்பதே என் எண்ணம்.

காரணம் லிபியாவில் இருக்கிறது. 2011 மார்ச் 17 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில், கடாபி அரசிடமிருந்து லிபியப் பொதுமக்களைக் காக்க ராணுவ நடவடிக்கை எடுக்கலாம் என்னும் 1973-ஆம் எண் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாகப் பத்துக் கைகள் உயர்ந்தன. ரஷ்யா, சீனா, ஜெர்மனி, பிரேசில், நம் இந்தியா ஆகிய ஐந்தும் நடுநிலை வகித்தன. ரத்து அதிகாரம் (வீட்டோ) கொண்ட ரஷ்யா நினைத்திருந்தால் ஒரே கையசைவில் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. நான்கு நாள் கழித்து, அப்போது ரஷ்யப் பிரதமராக இருந்த புடின் அத்தீர்மானத்தை மத்திய காலச் சிலுவைப்போர் அழைப்புக்கு ஒப்பிட்டார். அத்தகைய சொற்கள் ஏற்கத்தக்கவை அல்ல என்று அதிபர் மெத்வெதேவ் அன்றே வெளிப்படையாக மறுத்தார். ஆகஸ்டில் லிபியத் தலைநகர் திரிப்போலி வீழ்ந்ததும் புடினின் வாதமே மாஸ்கோவில் நிலைத்தது. மக்களைக் காக்க என்று தொடங்கியது ஆட்சியைக் கவிழ்ப்பதில் முடிந்தது என்பதே அவர்கள் கற்ற பாடம்.

அக்டோபர் 4 அன்று சிரியாவைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தபோது, மார்ச்சில் விலகி நின்ற ரஷ்யா, சீனாவோடு சேர்ந்து அதை ரத்து அதிகாரத்தால் வீழ்த்தியது. மீண்டும் சொல்கிறேன்: அசாத்மீது கொண்ட பாசத்தைவிட, வெளியார் ஆட்சி கவிழ்க்கும் வழக்கம் வேரூன்றிவிடுமோ என்ற அச்சமே அங்கே பெரிது. அந்த அச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் சிரிய நகரமான அலெப்போவின் பொதுமக்கள் என்பதை நான் மறக்கமாட்டேன்; நீங்களும் மறக்க வேண்டாம்.

ரஷ்யாவின் வடக்குக் காக்கசஸ் பகுதியிலிருந்து சிரியா சென்ற போராளிகளைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன்; நேரம் நெருங்கிவிட்டது. 2015 செப்டம்பர் 30-இல் ரஷ்ய விமானங்கள் நேரடியாகக் களமிறங்கின. 2024 டிசம்பர் 8-இல் அசாத் மாஸ்கோவுக்குத் தப்பினார். அடுத்த மாதமே ரஷ்யத் தூதுக்குழு டமாஸ்கஸ் சென்று, அவரை விரட்டியவர்களோடு பேச்சுக்கு அமர்ந்தது. வணக்கம்.