12 போர்ஷன், ஒரு முற்றம்

வணக்கம் நேயர்களே.

மதுரையில் பெருமாள் மேஸ்திரி வீதியைத் தெரியாதவர் கிடையாது. அந்த மேஸ்திரி எதையோ கட்டியவர் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் பிளாக்பர்ன் மதுரைக் கலெக்டராக இருந்த காலத்தில் கோட்டைச் சுவரை இடித்தார்களே, அந்த வேலையை மேற்பார்த்தவர் அவர். இடித்தவருக்கு ஒரு வீதியே இருக்கிறது. பழுது பார்த்தவனுக்கு ஒரு சந்துகூட இல்லை. கட்டட வேலையிலேயே தலை நரைத்த எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

நான் சொல்ல வந்தது ஒரு காம்பவுண்டு வீட்டைப் பற்றி. கீழமாசி வீதிக்குப் பின்னால் இருக்கிறது. நடுவில் முற்றம், சுற்றிக் கீழும் மேலுமாக 12 போர்ஷன். குழாய் ஒன்று, கக்கூஸ் இரண்டு. நகைப்பட்டறை ஆசாரி, வெங்காய மண்டிக் கணக்குப்பிள்ளை, ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்கள் என்று எல்லோரும் நடந்தே வேலைக்குப் போகிறவர்கள். வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டது இடிப்பதற்கு விலை கேட்கத்தான்.

"இடித்துவிட்டு என்ன கட்டப் போகிறீர்கள் அண்ணாச்சி?" என்று கேட்டேன். நாலு மாடி என்றார். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் எழுப்பக்கூடாது என்று விதி இருக்கிறது. பக்கத்தில் இடம் விட வேண்டும் என்று பார்த்தால் இப்போது இருக்கிற அளவு வீடுகூடக் கிடைக்காது. கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். அதன் பிறகுதான், இடிக்காமல் பழுது பார்க்கலாம் என்று இறங்கி வந்தார்.

முதலில் மாடிக் கூரை. அது மெட்ராஸ் டெரஸ். நம் பக்கம் கட்டைக்குத்து என்பார்கள். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதித்தது. கட்டைகள் நடுவில் இரும்பு மாதிரி இருந்தன. சுவருக்குள் போகிற நுனிகளில்தான் ஈரமும் கரையானும். அந்த நுனிகளை மட்டும் வெட்டி, இரும்புச் சேனல் கொடுத்துத் தாங்கினோம். கட்டை முழுவதையும் மாற்றியிருந்தால் வீட்டுக்காரர் அங்கேயே கையைத் தூக்கியிருப்பார்.

அடுத்தது சுவர். இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு வீட்டில் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமென்ட் பூசினேன். பளபளவென்று இருந்தது. இரண்டாவது ஐப்பசி மழையில் அப்பளம் மாதிரி பொரிந்து விழுந்தது. பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். இந்த முறை சுண்ணாம்பை நீற்றி, தண்ணீருக்கு அடியில் ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினோம். திருமலை நாயக்கர் மகாலின் சுதை வேலையும் சுண்ணாம்புதான். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இது தெரிந்த கொத்தனாரைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

முற்றத்துக்கு மேல் யாரோ எந்தக் காலத்திலோ தகரம் போட்டு மூடியிருந்தார்கள். கழற்றினோம். கீழ் போர்ஷன்களில் பகலில் டியூப்லைட் எரிவது அன்றைக்கே நின்றது. சூடான காற்று மேலே போக வழி கிடைத்தது. மொட்டைமாடிக்கு வெள்ளையடித்தோம். முற்றத்தில் விழுகிற மழைத்தண்ணீரை, தூர்ந்து கிடந்த பழைய கிணற்றைத் தூர்வாரி அதில் விட்டோம்.

பசுமை வீடு என்றதும் எல்லோரும் சோலார் பலகையைத்தான் கேட்கிறார்கள். எனக்கு அதில் வேறு கருத்து. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் இந்த வீட்டில் மொத்தத்துக்கும் ஒரே மீட்டர், உள்ளே தனித்தனி சப் மீட்டர். 12 குடும்பமும் ஒரே 100 யூனிட்டைப் பங்கு போட்டுக்கொண்டு, மீதிக்கு உயர்ந்த விலை கொடுத்துக்கொண்டிருந்தன. பழைய ஒயரை உருவிவிட்டு, போர்ஷனுக்கு ஒரு மீட்டர் வாங்கினோம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்று கரண்டை மிச்சம் பிடிக்கிற புது வகை ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் என்று வைத்தால், ஒரே ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். சின்னக் குடும்பத்துக்கு இதுவே போதும். சோலாரைத் தண்ணீர் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டும் வைத்தோம்.

உண்மையில் அதிகம் செலவு இழுத்தது கக்கூஸ். போர்ஷனுக்கு ஒன்று வேண்டும் என்று பெண்கள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். பழைய சுவரை நோகாமல் குழாய் இறக்குவதில்தான் என் தூக்கம் போனது.

சரி, பணம்? செலவு வீட்டுக்காரருக்கு, கரண்ட் பில் குறைவது குடியிருப்பவருக்கு. அப்புறம் வாடகையை ஏற்றத்தானே பார்ப்பார்? அப்படி ஏற்றினால் ஆசாரியும் கணக்குப்பிள்ளையும் ஊருக்கு வெளியே போய், பஸ்ஸுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டியதுதான். நம் ஊரில் ஒத்தி இருக்கிறதே, அதைப் பிடித்தோம். ஏழு குடும்பம் ஒத்திப் பணம் கொடுத்தது. அவர்களுக்கு மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். இதில் ஆபத்தும் உண்டு. வீட்டுக்காரர் கைவிரித்தால் குடும்பம் தெருவில். அதனால் வாய்ப்பேச்சு வேண்டாம், பதிவு செய்யுங்கள் என்று நின்றேன். மீதி ஐந்து குடும்பத்துக்குப் பழைய வாடகைக்கு மேல் கொஞ்சம்தான் கூடியது.

யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை. மூன்று மூன்று போர்ஷனாக வேலை செய்தோம். அந்த மூன்று குடும்பமும் மற்றவர்களோடு நெருக்கிக்கொண்டு இருந்தன. சண்டையும் வந்தது, சாம்பாரும் போய் வந்தது.

மேல் போர்ஷன் பாட்டி ஒருவர், அக்னி நட்சத்திர மதியங்களில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார். போன சித்திரையில் பார்க்கப் போனேன். படியில் ஆளைக் காணோம். பதறிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தால், தரையில் பாய்கூட இல்லாமல் குறட்டை.

மிஞ்சிய சுண்ணாம்பு இன்னும் டிரம்மில் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. எதிர்ச் சந்து வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

நன்றி, வணக்கம்.