கடைக்கு வந்த நுண்கணிதம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

மாற்றத்தின் வேகத்தைக் காணும் வகையிடலும், சிறுசிறு துண்டுகளைக் கூட்டும் தொகையிடலும் அடங்கிய நுண்கணிதம் வாழ்க்கைக்குப் பயன்படுகிறது என்று பேச வந்த எங்கள் அணியை ஒரே கேள்வியில் மடக்கிவிட்டதாக எதிரணி நண்பர் எண்ணுகிறார். "பிளஸ் டூவில் விழுந்து விழுந்து படித்தோமே, கடைக்குப் போய்த் தொகையிட்டுப் பார்த்துச் சரக்கு வாங்கியவர் எவரேனும் உண்டா?" என்றார், அரங்கமே கைதட்டியது. உண்டு ஐயா. அவர் பெயர் ஜோகன்னஸ் கெப்ளர்.

கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று உலகுக்குச் சொன்ன அதே கெப்ளர், ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் வாழ்ந்தபோது, 1613இல் மறுமணம் செய்துகொண்டு, புதுக் குடித்தனத்துக்காகச் சில பீப்பாய் திராட்சை மது வாங்கினார். சில நாளில் வியாபாரி ஓர் அளவுகோலோடு வந்தார். பீப்பாயின் நடுவயிற்றுத் துளைவழியே கோலைச் சாய்வாக விட்டார். அது எதிர்மூலையில் முட்டியது. நீளத்தைப் பார்த்து விலையைச் சொன்னார். அடுத்த பீப்பாய்க்கும் அதே கோல், அதே வேகம். புது மாப்பிள்ளைக்கு மனம் ஒப்பவில்லை. நீங்களும் நானும் என்றால் பேரம் பேசியிருப்போம். கெப்ளர் கணக்குப் போட்டார்.

மறுபடியும் அந்தக் கோலைக் கவனியுங்கள், நடுவர் அவர்களே. நெட்டையும் ஒல்லியுமான பீப்பாயில் விட்டாலும், குட்டையும் பருமனுமான பீப்பாயில் விட்டாலும், அது ஒரே நீளத்தைக் காட்டக்கூடும், கொள்ளளவோ வேறு. அப்படியானால் ஒல்லிப் பீப்பாயை வாங்கியவர் ஏமாந்தாரா? வறுவலுக்கு வாழைக்காயைச் சீவுவதுபோல் பீப்பாயை மனத்துக்குள் மெல்லிய வட்டத் தகடுகளாகச் சீவி, ஒவ்வொன்றின் கன அளவையும் கெப்ளர் கூட்டினார். நாம் படித்த தொகையிடலின் வித்து இதுதான். 1615இல், நுண்கணிதத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான நியூட்டன் பிறப்பதற்கு முன்பே, இதை ஒரு நூலாகவே வெளியிட்டார். அவர் கண்ட விடை என்ன தெரியுமா? ஆஸ்திரியத் தச்சர்கள் வழிவழியாகச் செய்துவந்த பீப்பாயின் வடிவம், அந்தக் கோல் நீளத்துக்குப் பெரும அளவு கொள்ளும் வடிவத்தை ஒட்டியே இருந்தது. அந்தப் பெரும அளவுக்கு அருகில், வடிவம் மாறும்போது கொள்ளளவு மாறும் வேகம், அதாவது மாறுவீதம், பூச்சியத்தை நெருங்குவதால், தச்சரின் கை சற்றே பிசகினாலும் கொள்ளளவு பெரிதாகக் குறையாது. வியாபாரியின் கோல்மேல் விழுந்த சந்தேகத்தைத் துடைத்தது நுண்கணிதமே!

பொறியாளராலும் பொருளாதார வல்லுநராலும் மாறுவீதமின்றி ஒரு நாளைக்கூடத் தள்ள முடியாது. அதை என் அணியினர் விரித்துரைப்பார்கள்.

எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு நள்ளிரவில் என் தந்தைக்கு வாய் கோணி, வலக்கை செயலிழந்தது. மூளையில் இரத்தக் குழாய் அடைத்திருந்தால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து உயிரைக் காக்கும். குழாய் வெடித்திருந்தால் அதே மருந்து உயிரைப் பறிக்கும். மூளையின் உட்புறத்தைப் படமெடுக்கும் சி.டி. போன்ற ஸ்கேன் இல்லாமல் எந்த மருத்துவரும் துணியமாட்டார். ஒரு பொருளின் ஊடே எல்லாத் திசைகளிலும் செல்லும் ஒவ்வொரு கோட்டின் வழியேயும் உள்ளவற்றின் கூட்டுத்தொகை தெரிந்தால், உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பதை மீட்டெடுக்கலாம் என்று ஆஸ்திரியக் கணிதவியலர் யோகான் ராடான் 1917இலேயே நிறுவினார். பல திசைகளில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அத்தகைய தொகைகளை அளக்கும் சி.டி. ஸ்கேனில், 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளை படமாயிற்று. அந்த ஸ்கேனை உருவாக்கியதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அன்றிரவு ஸ்கேன் அறைக்கு வெளியே என் தாய் தாலியைப் பற்றியபடி நின்றார். அவருக்கு வகையிடலும் தெரியாது, தொகையிடலும் தெரியாது. "இரத்தக் கசிவு இல்லையம்மா, மருந்து ஏற்றலாம்" என்று மருத்துவர் சொன்ன ஒற்றை வரியை அந்தத் தாய்க்குத் தந்தது எது என்று எண்ணிப் பார்த்துத் தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன்.