ஜிம்மில் சேருபவர்கள் யார், தொடர்ந்து வருபவர்கள் யார்?

வணக்கம். உடற்பயிற்சிக் கூடத்தில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. எத்தனை பேர் வருகிறார்கள் என்பது வேறு கணக்கு. அமெரிக்காவில் மூன்று கூடங்களைச் சேர்ந்த 7,752 உறுப்பினர்களின் மூன்றாண்டு வருகையை ஆராய்ந்து, ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மென்டியர் என்ற பொருளியலாளர்கள் 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறைதான் வந்தார்கள் என்பது அதன் முக்கியமான முடிவு.

[காட்சி: வாசலில் விரல்ரேகைக் கருவி, பக்கத்தில் நேர அட்டவணை]

நம் ஊர் ஜிம்களில் இந்த இடைவெளி எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதிகாலையிலும் மாலை ஆறு மணிக்குப் பிறகும் எடைப் பகுதி இளைஞர்களால் நிறைந்திருக்க, 'லேடீஸ் பேட்ச்' பல இடங்களில் காலை பத்தரை மணிக்குத்தான் தொடங்குகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் இல்லத்தரசிக்கு அது வசதியான நேரம். ஆனால் அலுவலகம் போகும் பெண்ணுக்கு அந்த நேரம் பயன்படாது; மாலையில் வந்தாலோ, ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அவர் வருவது குறைவதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது நியாயமல்ல.

உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்களின் கணிப்பின்படி, 2022-இல் இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 42 சதவீதத்தினருக்கும் போதிய உடலியக்கம் இல்லை. அறுபது வயதைக் கடந்தால் இருபாலரிடமும் நிலைமை மேலும் மோசமாகிறது. நம் முதியவர்கள் பூங்காவில் நடக்கிறார்கள். அது மிகவும் நல்லது. ஆயினும் முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை கரையும் தசையை, நடை மட்டும் காப்பாற்றிவிடாது; பெண்களுக்கோ மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது.

[காட்சி: நாற்காலியில் அமர்ந்து காலால் எடை தூக்கும் மூதாட்டி]

பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாகத் தொண்ணூறு வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990-இல் வெளியானது. பயிற்சியை முடித்தவர்களின் கால் தசை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. எடைப் பயிற்சியால் இவ்வளவு பயன்பெறக்கூடிய வயதினரைத்தான் நம் ஜிம்களில் அரிதாகப் பார்க்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஏற்பாட்டை மாற்றினால் வருகையும் மாறும். 1992-இல் டெக்சாஸில் தொடங்கிய 'கர்வ்ஸ்' கூடங்கள், பெண்களுக்கு மட்டும், அரை மணி நேரத்தில் முடியும் சுற்றுப்பயிற்சி (ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு வரிசையாக மாறிச் செய்வது) என்ற முறையை வைத்தே ஆயிரக்கணக்கான கிளைகளாகப் பெருகின.

ஜிம் நடத்துபவர்கள் ஒரு மாத வருகைப் பதிவை எடுத்து, வயது, பாலினம், நேரம் என்று பிரித்துப் பார்க்கலாம். மாலையில் பெண்களுக்கென ஒரு மணி நேரம், ஒரு கிலோவில் தொடங்கும் டம்பெல்கள், முட்டி வலியோடு வருபவருக்குப் பொறுமையாகச் சொல்லித்தரும் ஒரு பயிற்சியாளர் ஆகியவற்றை ஏற்பாடு செய்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அதே பதிவை மறுபடியும் ஒப்பிட்டுப் பாருங்கள்.