போன் அடிக்காத நாட்கள்

வணக்கம் நேயர்களே. நாள் முழுக்க போன் ஒருமுறைகூட அடிக்காமல் போகிற நாட்கள் உண்டு. உடம்பு சரியில்லாமல் போனது, வேலை போனது, கூட இருந்தவர் மறைந்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். முதல் ஒரு வாரம் சமாளித்துவிடுவோம். அப்புறம் மெதுவாக ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்ளும்: யாருமே கூப்பிடவில்லையே, அப்படியானால் நான் யாருக்கும் தேவையில்லையோ?

இந்த எண்ணம் வருவதால் நீங்கள் பலவீனமானவர் ஆகிவிட மாட்டீர்கள். மார்க் லியரி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1995-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சுயமதிப்பு வண்டியில் இருக்கும் பெட்ரோல் முள் மாதிரியாம். மற்றவர்கள் நம்மை எவ்வளவு சேர்த்துக்கொள்கிறார்கள் என்று மனம் போடுகிற கணக்கை அது காட்டுகிறது. நான் சொல்ல வந்தது, அந்த முள் எவ்வளவு சுலபமாக ஏமாந்துபோகும் என்பதைத்தான். கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற இன்னொரு ஆய்வாளர் கம்ப்யூட்டரில் ஒரு பந்து விளையாட்டு வைத்தார், மூன்று பேர் ஆட்டம், கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்குப் பந்து போடுவதையே நிறுத்திவிடுவார்கள். அந்தச் சில நிமிடங்களிலேயே ஆடியவர்களின் சுயமதிப்பு சரிந்தது. எதிரில் ஆடுவது ஆளே இல்லை, வெறும் கம்ப்யூட்டர்தான் என்று முன்பே சொல்லிவிட்டு ஆடவைத்தபோதும் சரிந்தது! யாருமே ஒதுக்காதபோதும் முள் இறங்குகிறது என்றால், அது காட்டுவதை நம் மதிப்பு என்று எப்படி நம்புவது?

தனிமை நீளும்போது இன்னொன்றும் நடக்கிறது. மனம் எச்சரிக்கையாகி, ‘சரி’ என்று வரும் ஒற்றை வார்த்தைப் பதிலில்கூட வெறுப்பைத் தேட ஆரம்பிக்கும். அதனால் நாமும் ஒதுங்குவோம், தனிமை இன்னும் கெட்டியாகும்.

எனக்கும் அப்படிச் சில மாதங்கள் இருந்தன. அப்போது என்னைத் தாங்கியது பழைய கடிகாரம் ஒன்றைப் பிரித்து மாட்டும் வேலை. யாரும் பாராட்டவில்லை, ஆனால் நேற்று ஓடாத சக்கரம் இன்று ஓடியது, அதை ஓடவைத்தது என் கை, அதற்கு வேறு யாருடைய சாட்சியும் எனக்குத் தேவைப்படவில்லை. உங்களுக்கு அது தையலாக இருக்கலாம், ஒரு செடியாக இருக்கலாம், கணக்குப் பாடமாகக்கூட இருக்கலாம். முடிந்ததா இல்லையா என்று உங்கள் கண்ணுக்கே தெரிகிற வேலையாக இருந்தால் போதும். ஆனால் எழுந்திருக்கவே முடியாத அளவுக்கு மனம் கனத்தால், வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால், வேலையால் சரிசெய்யப் பார்க்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.

அந்த மாதங்களில்தான், பேச்சு விட்டுப்போன நண்பர் ஒருவருக்கு இரண்டு வரி அனுப்பினேன். நான்கு நாள் பதில் இல்லை. அவருக்கு என்மேல் என்ன கோபம் என்று ஒரு முழுக் கதையையே மனதில் கட்டிவிட்டேன். ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாராம். உன் இரண்டு வரியைத்தான் தினமும் ராத்திரி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், பதில் எழுதத்தான் தெம்பு இல்லை என்றார்.